பல் டொக்டரின் படிக்கட்டில் திரும்பிப் போகும் வாடிக்கையாளர்



பசறைப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய மகள் பேராதனையில் பல் வைத்தியம் படித்து முடித்திருக்கிறார். கடையின் மேல்மாடியில் உள்ள இரண்டு அறைகளைத் திருத்தி, மாலை நேரத்தில் நடத்துவதற்கு ஒரு பல் சிகிச்சை நிலையம் அமைத்துக் கொடுக்க வாப்பா நினைக்கிறார். "நானா, மெஷினையும் கதிரையையும் மகள் பார்த்துக் கொள்வாள். உள்ளுக்கு என்ன நிறம் அடிக்கிறது, என்ன டைல்ஸ் போடுகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். கொழும்பில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும்" என்றார்.

நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியத் துறைக்கு வருகிறார்கள். நம்மில் பலர் கடை அறைகளை டொக்டர்மாருக்கு வாடகைக்கும் கொடுத்திருக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்று நினைத்து இந்த வாரம் இதையே எடுத்துக் கொண்டேன். நான் டொக்டர் அல்ல, வியாபாரி. இரண்டு பல் வைத்தியர்களிடம் கேட்டும், இது பற்றி வெளிவந்தவற்றை வாசித்தும் அறிந்து கொண்டதை வியாபாரக் கண்ணோடு சொல்கிறேன்.

நிறத்தையும் டைல்ஸையும் பிறகு பார்ப்போம். பல் டொக்டரிடம் வருகிறவர் நம் கடைக்கு வருகிற வாடிக்கையாளரைப் போன்றவர் அல்ல. சீனி வாங்க வருகிறவர் விரும்பி வருகிறார். பல் டொக்டரிடம் வருகிறவரோ பயந்து கொண்டே வருகிறார். அந்தப் பயத்தைக் குறைக்காத அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் போட்ட பணம் வீண்தான்.

வராதவரின் கணக்கு

கடையில் விற்காத சாமான் தட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் படிக்கட்டு வரை வந்து திரும்பிப் போன வாடிக்கையாளர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரமாட்டார். நாளொன்றுக்கு 2 பேர் இப்படித் திரும்பினால், மாதம் 25 நாளில் 50 பேர். அந்த 50 பேரும் வீட்டில் போய், "எனக்குப் பயம், நான் போகவில்லை" என்று சொல்லும்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் போய்ச் சேருகிறது.

2007ஆம் ஆண்டு வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு இதனை ஒரு சுழற்சி என்று விளக்கியது. பயந்தவர் போகாமல் தள்ளிப் போடுகிறார். தள்ளிப் போடப் போட, சிறு ஓட்டை பெரிதாகி வேர் வரை போகிறது. வலி தாங்க முடியாமல் கடைசியில் போகும்போது, முன்பு போயிருந்தால் ஒரு சிறு அடைப்போடு முடிந்திருக்கும் வேலை, பல்லைக் கழற்றுவதில் முடிகிறது. அது வலிக்கிறது. "நான் பயந்தது சரிதான்" என்று அவர் முடிவு செய்கிறார். அடுத்த முறை இன்னும் தாமதிக்கிறார்.

நம் மலைநாட்டில் இந்தச் சுழற்சி பல்லோடு மட்டும் நிற்பதில்லை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று காலை முதல் மாலை வரை வாயில் வைத்திருக்கும் பழக்கம் இதற்கு ஒரு பெரிய காரணம். புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் தீர்மானித்துள்ளது. நோய் வருவதற்கு முன்பே பலருடைய வாயில் அடையாளம் தெரியும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படை, சிவப்புத் தழும்பு, அல்லது வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப் போவது. பெரும்பாலும் ஆரம்பத்தில் இதற்கு வலி இருக்காது. வலி இல்லாதவர், பயத்தை வென்று கொண்டு ஏன் டொக்டரிடம் போகப் போகிறார்?

எங்கள் கடைக்கு நாள்தோறும் வந்து போன ஒரு தோட்டத்துப் பெரியவரைச் சொல்கிறேன். வாய் சரியாகத் திறக்காமல் ரொட்டியைத் தேநீரில் ஊற வைத்துச் சாப்பிடும் நிலைக்கு வந்தார். பிள்ளைகள் வற்புறுத்தி ஒரு தனியார் பல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பாதிப் படி ஏறியவர், உள்ளே ஒரு பிள்ளை கத்துகிற சத்தமும் மெஷின் சத்தமும் கேட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் வந்து விட்டார். மீண்டும் அவர் போனது இரண்டு வருடங்கள் கழித்து. அதற்குள் கன்னத்தில் புண் வந்து விட்டது. தாடையில் ஒரு பகுதியை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். இப்போது கஞ்சிதான் சாப்பாடு. அவரைத் திருப்பி அனுப்பியது வைத்தியம் அல்ல. படிக்கட்டு வரை கேட்ட ஒரு சத்தம்தான்.

பயம் எங்கே தொடங்குகிறது?

பல் வைத்தியப் பயத்தை அளப்பதற்கு நோர்மன் கோரா என்ற அமெரிக்கர் 1969இல் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார். 1995இல் பிரித்தானியாவில் ஹம்ஃப்ரிஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதைத் திருத்தி ஐந்து கேள்விகளாக்கினார்கள். சென்னையில் தமிழ் பேசும் நோயாளிகளிடம் இதைத் தமிழில் வைத்துச் சோதித்தும் இருக்கிறார்கள். கேள்விகளின் கருத்து இதுதான்:

1. நாளைக்குப் பல் டொக்டரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?
2. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி இருக்கும்?
3. பல்லை மெஷினால் கடையப் போகிறார்கள் என்றால்?
4. பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்?
5. முரசில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்?

ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 25. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் கடுமையாகப் பயப்படுகிறவர். இந்தக் கேள்விகளைக் கேட்பதால் பயம் கூடுவதில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே நம்பர் கொடுக்கும் பிள்ளையே இதைக் கேட்டு எழுதி டொக்டரிடம் கொடுக்கலாம். ஒரு தாளின் செலவுதான்.

வியாபாரியாக நான் கவனித்தது வேறொன்று. ஐந்து கேள்விகளில் முதல் இரண்டுக்கும் டொக்டரின் கையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்று முதல் நாள் வீட்டில் நடக்கிறது, மற்றது காத்திருக்கும் அறையில். அதாவது டொக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாதி வேலை கெட்டு விடலாம், அல்லது பாதி வேலை முடிந்து விடலாம். அந்தப் பாதி, கட்டிடச் சொந்தக்காரரின் கையிலும் வாசலில் இருக்கும் பிள்ளையின் கையிலும்தான் இருக்கிறது.

வாசலும் படிக்கட்டும்

பெயர்ப் பலகையில் வேரோடு கழற்றிய பல்லின் படத்தைப் போடுகிறார்கள். இறைச்சிக் கடைப் பலகையில் கத்தியைப் போடுவது போன்றது அது. டொக்டரின் பெயர், பதிவு, நேரம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதினால் போதும். படிக்கட்டில் ஒரு நல்ல விளக்கும், பிடித்து ஏறக் கைப்பிடியும் இருக்க வேண்டும். மழையும் மூடுபனியும் உள்ள நம் ஊர்களில் ஈரப் படியில் இருட்டில் ஏறுகிறவருக்குக் கதவைத் தட்டும்போதே நெஞ்சு அடித்துக் கொள்ளும். குடை வைக்க ஓர் இடம், கால் துடைக்க ஒரு விரிப்பு, இவ்வளவும் இருந்தால் வருகிறவர் தன்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று உணர்வார்.

தொலைபேசியில் நேரம் கேட்பவரிடம், "வாருங்கள், நம்பர் தருகிறோம்" என்பதோடு நிறுத்தக் கூடாது. "முதல் நாள் டொக்டர் பார்த்து விட்டு என்ன செய்யலாம் என்று சொல்வார். உங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டார்" என்று சொல்லப் பழக்க வேண்டும். முதல் கேள்வியின் பயம், அதாவது முதல் நாள் இரவின் பயம், இந்த ஒரு வசனத்தில் குறையும்.

காத்திருக்கும் அறை

ஹார்வர்ட் வர்த்தகக் கல்லூரியில் கற்பித்த டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் காத்திருப்பவர்களின் மனநிலை பற்றி எழுதினார். கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் அது. சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பை விட நீளமாகத் தெரியும். காரணம் சொல்லாத தாமதம், சொன்ன தாமதத்தை விட நீளமாகத் தெரியும். கவலையோடு இருப்பவருக்கு எல்லாமே நீளமாகத் தெரியும். பல் டொக்டரின் வாசலில் இந்த நான்கும் ஒன்றாக வந்து சேருகின்றன.

எனவே 20 பேரை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி வரிசையில் இருத்துவதை விட, அரை மணித்தியாலத்துக்கு இருவர் என்று நேரம் கொடுப்பது நல்லது. கூடுதலாகப் பயப்படுகிறவருக்கு முதல் நம்பரைக் கொடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் வளருமே தவிரக் குறையாது. தாமதமானால், "உள்ளே இருப்பவருக்கு இன்னும் பத்து நிமிடம் எடுக்கும், அதற்குப் பிறகு நீங்கள்" என்று சொல்ல வேண்டும்.

கதிரைகளைச் சிகிச்சை அறையின் கதவைப் பார்த்துப் போடக் கூடாது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லோருடைய கண்ணும் உள்ளே போகும். ஜன்னலைப் பார்த்துப் போடுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்களின் பதிவுகளை ரொஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். 23 பேருக்கு ஜன்னலால் மரங்கள் தெரிந்தன. அவர்களுக்குச் சமமான 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கொழும்பில் ஒரு கிளினிக் காசு கொடுத்து மலையின் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுகிறது. மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் அல்லாஹ் அதை ஜன்னலுக்கு வெளியே இலவசமாக வைத்திருக்கிறான். நாம் அந்த ஜன்னலுக்கு முன்னால் அலுமாரியை வைத்து மறைத்து விடுகிறோம்.

சுவரில் அழுகிய பல்லின் படமும் புற்றுநோய் வந்த வாயின் படமும் வேண்டாம். அவை தேவையான அறிவுரைதான். ஆனால் பயந்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கான நேரம் அதுவல்ல. டொக்டர் தனியாக இருந்து பேசும்போது காட்டட்டும்.

மணம்

பல் கிளினிக்கின் மணம் என்று எல்லோரும் சொல்கிற அந்த மணம் என்னவென்று தெரியுமா? பெரும்பாலும் அது நாம் விற்கிற கராம்பின் மணம்தான். கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோல் என்ற பொருளைப் பல் அடைக்கும் மருந்தில் சேர்க்கிறார்கள். வீட்டில் புரியாணியில் வந்தால் பசியைத் தூண்டுகிற மணம், கிளினிக்கில் வந்தால் பழைய வலியைத் தூண்டுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வொன்றில், பல் வைத்தியத்துக்குப் பயப்படாதவர்களுக்கு இந்த மணம் தொந்தரவாக இருக்கவில்லை, பயந்தவர்களுக்கு மட்டும் உடம்பே பதற்றத்தைக் காட்டியது.

2000ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு பல் கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் தோடம்பழ மணத்தைப் பரவ விட்டுப் பார்த்தார்கள். பெண் நோயாளிகளிடம் பதற்றம் குறைந்திருந்தது. 2005இல் தோடம்பழத்தோடு லவெண்டரையும் வைத்துப் பார்த்தபோதும் பதற்றம் குறைந்தது. இதற்காக விலை கூடிய எண்ணெய்ப் போத்தல் வாங்கத் தேவையில்லை. பிபிலைத் தோடம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊவாவில் இருக்கிறோம். அன்றன்று உரித்த தோல் கொஞ்சம் ஒரு தட்டில் இருந்தால் போதும். அதை விட முக்கியம், மருந்துப் போத்தல்களை உடனுக்குடன் மூடுவதும், சிகிச்சை அறையின் காற்று காத்திருக்கும் அறைக்கு வராமல் வெளியே போகும்படி ஒரு காற்றாடி பொருத்துவதும். நாற்றத்தை மறைப்பதற்காகக் கடும் வாசனை ஸ்பிரே அடிப்பது, ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புதிய கஷ்டத்தைக் கொடுக்கும்.

சத்தம்

பல் கடையும் மெஷினின் கீச்சுச் சத்தம் நிமிடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் சுற்றும் ஒரு சிறு சக்கரத்தில் இருந்து வருகிறது. அதை நிறுத்த முடியாது. ஆனால் அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கலாம். நம்மில் பலர் அறையைப் பிரிக்க மெல்லிய பலகைத் தடுப்பை அடித்து, மேலே கூரை வரை போகாமல் விட்டு விடுகிறோம். சத்தம் மேலால் வருகிறது. தடுப்பைக் கூரை வரை கொண்டு போங்கள். இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவே பஞ்சு அல்லது அது போன்ற சத்தம் உறிஞ்சும் பொருளை நிரப்புங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள். பணம் போட வேண்டிய இடம் இது, டைல்ஸ் அல்ல. காற்று அடிக்கும் கொம்பிரசரை அறைக்குள் வைக்காமல் வெளியே ஒரு கூட்டுக்குள் வையுங்கள்.

காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி நாடகத்தைச் சத்தமாகப் போடுவதை விட அமைதி நல்லது. சிலர் பரக்கத்துக்காகக் குர்ஆன் ஓதலைப் போட்டு விடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்க வேண்டிய ஒன்றை, மெஷின் சத்தத்தை மறைப்பதற்கும் அரட்டைக்கு நடுவிலும் போடுவது அதற்குரிய மரியாதை அல்ல. விரும்புகிறவர் தன் காதில் மாட்டிக் கேட்டுக் கொள்ளட்டும்.

கதிரையில் இருப்பவர்

சிகிச்சை அறைக்குள் டொக்டரின் ஆட்சிதான். ஆனாலும் அறையை அமைக்கும்போதே செய்ய வேண்டியவை உண்டு. ஊசியும் இடுக்கியும் உள்ள தட்டு, உள்ளே நுழைகிறவரின் கண்ணில் படாதபடி கதிரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னைய நோயாளியின் இரத்தம் பட்ட பஞ்சு எங்கும் தெரியக் கூடாது. விளக்கு வாயில் மட்டும் விழ வேண்டும், கண்ணில் அல்ல. நம் ஊர்க் குளிரில் கதிரையில் சாய்ந்து கிடப்பவர் நடுங்குகிறார், தன் நடுக்கத்தைப் பார்த்து அவரே இன்னும் பயப்படுகிறார். துவைத்த மெல்லிய போர்வை ஒன்று வைத்திருங்கள். மின்சாரம் தடைப்பட்டால் உடனே எரியக் கூடிய விளக்கொன்று கட்டாயம் வேண்டும். வாயைத் திறந்து கொண்டு இருட்டில் கிடந்தவர் மறுபடி வரமாட்டார்.

பிறகு, செலவே இல்லாத இரண்டு விடயங்கள். முதலாவது, 1959இல் ஆடெல்ஸ்டன் என்ற பல் வைத்தியர் பிள்ளைகளுக்காகச் சொன்ன முறை. முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய். "இது பல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற குழாய்" என்று சொல்லி, பிள்ளையின் கையில் தண்ணீரை அடித்துக் காட்டி, பிறகு வாயில் வைப்பது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, கையை உயர்த்தினால் டொக்டர் நிறுத்தி விடுவார் என்ற உடன்பாடு. நோயாளி ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்காகவே கையை உயர்த்துவார். அப்போது டொக்டர் உண்மையாகவே நிறுத்த வேண்டும். நிறுத்தினால், அதற்குப் பிறகு அவர் கையை உயர்த்தத் தேவையே வராது.

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். முரசில் ஊசி வலிப்பதற்குப் பெரும் காரணம், மருந்தை வேகமாகத் தள்ளுவது. முதலில் விறைக்கும் மருந்தைத் தடவி ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு மெதுவாகச் செலுத்தினால் வலி மிகவும் குறையும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். வெளியே 20 பேர் வரிசையில் நின்றால் எந்த டொக்டரால் மெதுவாகச் செய்ய முடியும்? நேரம் கொடுத்து வரவழைப்பது அவருடைய கைக்கும் நிதானத்தைக் கொடுக்கிறது.

நம் ஊர் மக்களின் மற்றப் பயங்கள்

வெளிநாட்டு ஆய்வுகள் ஊசியையும் மெஷினையும் பற்றி நிறையச் சொல்கின்றன. நம் ஊரில் வேறு மூன்று பயங்களும் இருக்கின்றன.

முதலாவது வெட்கம். வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காட்டவே தோட்டத்து மக்கள் கூச்சப்படுகிறார்கள். "ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை? என்ன வாய் இது?" என்று ஒரு முறை ஏசி விட்டால், அந்த லயத்தில் இருந்தே ஒருவரும் வரமாட்டார்கள். நியூசிலாந்தில் 1921 முதல் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே பல் சிகிச்சை செய்யும் தாதிமாரைப் பயிற்றினார்கள். உலகமே பாராட்டிய திட்டம் அது. நம் நாட்டில் மஹரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். அப்படிப்பட்ட நல்ல திட்டத்துக்கே அந்நாட்டுப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் "கொலை வீடு". சேவை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி உணரப்படுகிறது என்பதும் ஒரு கணக்கு என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டியதில்லை. "வந்தது நல்லதாகப் போயிற்று அம்மா, உட்காருங்கள்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பணப் பயம். எவ்வளவு கேட்பார்களோ என்று தெரியாமல் வாயைத் திறந்து கொண்டிருப்பவருக்கு நெஞ்சு அமைதியடையாது. பார்ப்பதற்கு எவ்வளவு, கழற்ற எவ்வளவு, அடைக்க எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நம் மார்க்கம் வியாபாரத்தில் விலையையும் சரக்கையும் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. இங்கே அது மருந்தாகவும் வேலை செய்கிறது. முடியாதவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யலாம் என்று சொல்லி அனுப்புவதும் நேர்மைதான். கொழுந்து பறிக்கும் பெண் பகலில் வந்தால் அன்றைய பெயர் அரைப் பெயராகி விடும். ஆகவே மாலை நேரமும், கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும் ஒழுங்கும் அவருக்கு மெத்தை போட்ட கதிரையை விடப் பெரிய ஆறுதல்.

மூன்றாவது, பெண்களின் கூச்சம். நிகாப் அணியும் நம் சகோதரிகள் வெளியில் உள்ளவர்கள் பார்க்கும்படி முகம் திறந்து கிடக்க விரும்பமாட்டார்கள். கதவுக்கு உள்ளே ஒரு திரையும், உதவிக்கு ஒரு பெண்ணும், கூட வந்த உம்மாவோ தாத்தாவோ உட்கார ஒரு கதிரையும் போதும். ஆண் டொக்டராக இருந்தால் இது இன்னும் அவசியம். இது முஸ்லிம் பெண்களுக்கு மட்டுமல்ல, தமிழ், சிங்களச் சகோதரிகளுக்கும் நிம்மதிதான். நோன்பு மாதத்தில் இஷா, தராவீஹ் முடிந்த பின் சில நாட்கள் திறந்தால், வலியோடு பெருநாள் வரை காத்திருக்கும் பலர் வருவார்கள்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது?

கேட்ட வாசகருக்கு நேரடியாகச் சொல்கிறேன். முதல் ரூபாவைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷினுக்கும், தடையில்லாத தண்ணீருக்கும், நல்ல விளக்குக்கும் போடுங்கள். பயத்தைப் போக்கிவிட்டு நோயைக் கொடுப்பது பெரும் பாவம். அடுத்தது பதிவு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். டொக்டர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவானவராக இருக்க வேண்டும். கட்டிடத்தை வாடகைக்குக் கொடுப்பவர்களும் இவ்விரண்டையும் கேட்டுப் பார்த்தே சாவியைக் கொடுங்கள். போலி வைத்தியர் ஒருவரிடம் அனுபவப்பட்ட ஊர், நல்ல டொக்டரையும் நம்பாது.

மூன்றாவதாகச் சத்தம் போகாத தடுப்பு. நான்காவதாக வாசலில் இருக்கும் பிள்ளையின் சம்பளம். தமிழும் சிங்களமும் பேசக் கூடிய, முகம் கொடுத்துப் பேசத் தெரிந்த ஒருவரைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வைத்துக் கொள்ளுங்கள். நிறமும் டைல்ஸும் அதற்குப் பிறகு. கண்ணைப் பறிக்காத இளநிறம், ஈரத்தில் வழுக்காத தரை, அவ்வளவுதான். நம் ஊர்க் குளிருக்கு ஏசி வேண்டாம். அந்தப் பணத்தைத் தடுப்புக்குப் போடுங்கள்.

நாம் செய்யக் கூடியது

கிளினிக் வைக்காத வியாபாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நம் கடைகளில் பல, வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் விற்கின்றன. நாள்தோறும் வாங்க வருகிறவரின் வாயை டொக்டரை விட நாமே அதிகம் பார்க்கிறோம். யாருக்காவது வாய் திறப்பது குறைந்து விட்டது என்றோ, காரம் பட்டால் எரிகிறது என்றோ, கன்னத்தில் வெள்ளையாக இருக்கிறது என்றோ தெரிந்தால், "பயப்படாதீர்கள், ஒருமுறை காட்டி விட்டு வாருங்கள். பார்ப்பதற்கு ஊசியும் இல்லை, மெஷினும் இல்லை" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. வாயைப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடியும் வெளிச்சமும்தான் தேவை. பதுளைப் பெரியாஸ்பத்திரி வரை போக முடியாதவர், அருகில் உள்ள அரச வைத்தியசாலையில் பல் டொக்டர் இருக்கும் நாளைக் கேட்டுப் போகலாம். முடிந்தால் கடையில் இருந்து ஒருவரைக் கூட அனுப்புங்கள். பயந்தவருக்குத் துணையை விடப் பெரிய மருந்து இல்லை.

பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதை எவ்வளவு வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது என்பதை மிஸ்வாக் பற்றிய ஹதீஸ்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மக்களுக்கு இலகுவாக்குங்கள், கஷ்டமாக்காதீர்கள் என்பதும் அதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழிதான். ஒரு படிக்கட்டில் விளக்குப் போடுவதும், ஒரு தடுப்பைக் கூரை வரை உயர்த்துவதும், ஒரு பயந்த மனிதரிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்வதும் அந்த இலகுவாக்குதலில் சேரும். அதில் இலாபமும் உண்டு, நன்மையும் உண்டு.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், கடன் புத்தகத்தை ஒழுங்காக எழுதுவது பற்றிப் பார்ப்போம். நம் தொழில்களில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.